ஆரோரூட் மாவின் தாயகம்: செயின்ட் வின்சென்ட் தீவு நாடு

மளிகைக் கடை நடத்தும் நம்மவர்களில் ஆரோரூட் மாவு வைக்காதவர்கள் மிகக் குறைவு. வயிற்றுப்போக்கு என்றால் கஞ்சி காய்ச்ச, கைக்குழந்தைக்குக் கூழ் கொடுக்க, பருத்திச் சேலைக்கு மொடமொடப்பு ஏற்ற, அண்மைக் காலமாகச் சூப்பைக் கெட்டியாக்க என்று ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டிருக்கும் சரக்கு அது. பெரிய லாபம் தராது. ஆனால் இல்லை என்று கைவிரித்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். போகிறவர் பருப்பையும் புளியையும் சேர்த்து அங்கேயே வாங்கிவிடுவார். அதனால் வைத்திருக்கிறோம்.

இந்த மாவு எந்த ஊர்ச் சரக்கு, பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் கீழமாசி வீதி வியாபாரிகளிலேயே பலர் யோசிப்பார்கள். உலகச் சந்தையில் இந்த மாவுக்கென்றே பேர் பெற்ற நாடு ஒன்று உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில், கரிபியன் கடலின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் செயின்ட் வின்சென்ட் அண்ட் தி கிரெனடீன்ஸ் என்ற சின்னஞ்சிறு நாடு அது. கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒருவேளை பெயர் தெரிந்திருக்கும். நம் சென்னைக் கடற்கரையிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் இறக்கிய தீவு என்பது அநேகமாக யாருக்கும் தெரியாது. ஆகவே அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

நாட்டின் மொத்தப் பரப்பு 389 சதுர கிலோமீட்டர். நம் மதுரை மாவட்டத்தைப் பத்துப் பங்காக்கினால் ஏறத்தாழ ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி செயின்ட் வின்சென்ட் என்ற ஒரே தீவுதான்; மற்றவை தெற்கே பாசிமணி கோத்ததுபோல் நீளும் கிரெனடீன்ஸ் தீவுகளும் திட்டுகளும். ஜனத்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். தலைநகர் கிங்ஸ்டவுன். அது நிலவுருண்டையில் சென்னை இருக்கும் அதே 13 பாகை வட அட்சரேகையை ஒட்டியே இருக்கிறது. அதனால் வெயிலும் மாவும் பலாவும் புளியும் நமக்குப் பழகியவைபோலவே இருக்கும். நேரம் மட்டும் ஒன்பதரை மணி பின்தங்கும். நாம் காலை 6 மணிக்குக் கடை திறக்கும்போது அங்கே முதல் நாள் இரவு எட்டரை மணி.

தீவின் நடுவே மலை முதுகு. வடகோடியில் சூஃப்ரியேர் என்ற எரிமலை, உயரம் 1,234 மீட்டர். இதைப் பற்றிப் பின்னால் சொல்வோம். அந்த நாட்டு வரவு செலவில் அதற்கும் ஒரு பக்கம் உண்டு.

கலிநாகோ என்ற ஆதிக்குடி மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். தப்பி வந்த ஆப்பிரிக்க அடிமைகள் அவர்களோடு கலந்து கறுப்புக் கரிபியர் என்ற ஒரு வீரக்குடி உண்டாயிற்று. மற்றத் தீவுகளையெல்லாம் ஐரோப்பியர் கரும்புத் தோட்டமாக்கிய பின்பும் இந்தத் தீவைப் பல காலம் அண்டவிடாமல் வைத்திருந்தவர்கள் இவர்களே. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் தீவு பிரிட்டிஷார் பங்குக்கு வந்தது. உடன்படிக்கையில் கையெழுத்திட்டது ஐரோப்பிய அரசுகள். மண்ணுக்கு உரியவர்களை யாரும் கேட்கவில்லை. ஜோசப் சட்டோயர் என்ற தலைவர் எதிர்த்துப் போரிட்டு 1795 மார்ச் 14ஆம் நாள் மாண்டார். அந்த நாள் இன்று அங்கே தேசிய வீரர் நாள். அவர் மக்களில் ஏறத்தாழ 5,000 பேரைப் பிடித்து, தண்ணீர் வசதி இல்லாத பாலிசோ என்ற சிறு தீவில் அடைத்தார்கள். பாதிப்பேர் அங்கேயே செத்தார்கள். மிஞ்சியவர்களை 1797இல் ஹோண்டுராஸ் நாட்டுக் கரைக்கு நாடு கடத்தினார்கள்.

அந்த ஆதிக்குடிகள் பயிரிட்ட கிழங்குதான் ஆரோரூட். விஷ அம்பு பட்ட காயத்தில் இந்தக் கிழங்கை அரைத்து வைத்துக் கட்டினால் விஷத்தை இழுத்துவிடும் என்பது அவர்கள் கைவைத்தியம். அதைப் பார்த்து ஆங்கிலேயர் அம்புக்கிழங்கு என்ற பொருளில் ஆரோரூட் என்றார்கள். அந்த மக்கள் மொழியிலேயே 'அரு அரு' என்று இதற்குப் பெயர் இருந்தது, அது திரிந்தது என்று சொல்வோரும் உண்டு. நம் பக்கம் கூகைக்கிழங்கு மாவு, கூவை மாவு என்பார்கள்.

அடிமை முறை 1834இல் சட்டப்படி ஒழிந்து, 1838இல் முழு விடுதலை கிடைத்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய துரையிடமே குறைந்த கூலிக்குக் கரும்பு வெட்ட விரும்பவில்லை, விரும்பாதது நியாயமே. தோட்டக்காரர்கள் ஆள் தேடினார்கள். முதலில் போர்ச்சுகல் நாட்டின் மதீராத் தீவிலிருந்து கொண்டுவந்தார்கள். அது போதவில்லை. பிறகு கண் விழுந்தது நம் மேல்.

1861 ஜூன் 1ஆம் நாள் 'திருவிதாங்கூர்' என்ற பெயருடைய கப்பல், சென்னையிலிருந்து ஏற்றி வந்த இந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆட்களுடன் அந்தத் தீவில் நங்கூரம் பாய்ச்சியது. கப்பலுக்கு நம் தென்னாட்டு ராஜ்யத்தின் பெயர். உள்ளே இருந்தவர்கள் சென்னை ராஜதானியின் தமிழ், தெலுங்குக் குடியானவர்கள். அன்று சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக் கணக்கில் கடலில் கிடந்து போய்ச் சேர்ந்தார்கள். 1880 வரை 8 கப்பல்களில் 2,400க்கும் மேற்பட்டவர்கள் இப்படிக் கொண்டுபோகப்பட்டார்கள். பிற்பாடு கல்கத்தாவிலிருந்தும் ஏற்றினார்கள்.

கண்டிச்சீமைக்கும் மலேயாவுக்கும் ரங்கூனுக்கும் போனவர்கள் கதை நம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் பேசப்படுகிறது. அங்கே போனவன் பத்து வருஷம் கழித்தாவது ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தான், கடிதம் வந்தது, மணியார்டர் வந்தது. செயின்ட் வின்சென்ட்டுக்குப் போனவர்களுக்கு அது எளிதாக இல்லை. ஒப்பந்த காலம் முடிந்தால் திருப்பி அனுப்புவோம் என்று எழுதியிருந்த பத்திரம் எப்போதும் சொன்னபடி நடக்கவில்லை. 1882 அக்டோபர் 7ஆம் நாள் ஆர்கைல் என்ற தோட்டத்துக் கூலியாட்கள் வேலையைப் போட்டுவிட்டு, தலைநகருக்கு நடந்தே போய் அதிகாரியிடம் முறையிட்டார்கள். மொழி தெரியாத ஊரில், பாஸ் இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனாலே தண்டனை என்று இருந்த காலத்தில், இதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! 2007இல் அந்நாட்டு அரசு ஜூன் 1ஆம் நாளை இந்தியர் வருகை நாளாகவும், அக்டோபர் 7ஆம் நாளை இந்தியர் மரபு நாளாகவும் அறிவித்தது.

வந்தவர்களில் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினார்கள். வேறு சிலர் டிரினிடாட்டுக்குப் போய்விட்டார்கள். தங்கியவர்கள் பிள்ளைகள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போகலானார்கள். தமிழ் போயிற்று. இன்று நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் அவர்கள் சந்ததி இருக்கிறது. குழம்பும் ரொட்டியும் மட்டும் எல்லோர் வீட்டுக்கும் பொதுவாகிவிட்டன. அந்த ஆர்கைல் தோட்டம் இருந்த இடத்தில்தான் 2017இல் நாட்டின் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது.

இனி நம் வியாபாரத்துக்கு வருவோம்.

கரும்பை நம்பிய தீவு, ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை மலிவாகக் குவிந்ததும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்டம் கண்டது. அப்போது கைகொடுத்தது இந்தக் கிழங்கு. எரிமலைச் சாம்பல் கலந்த பொலபொலப்பான மண், அருவித் தண்ணீர், சரிவான நிலம் மூன்றும் அதற்குப் பொருந்தி வந்தன. இங்கிலாந்தில் நோயாளிக் கஞ்சிக்கும், குழந்தை உணவுக்கும், பிஸ்கட்டுக்கும், சலவைக்கும் கேட்டார்கள். கடல்தீவுப் பருத்தி என்று பட்டுப்போல் நீண்ட இழையுள்ள ஒரு ரகத்தையும் அங்கே விளைவித்தார்கள். நம் பேரையூர்க் கரிசல் பருத்தி அதன் பக்கத்தில் நிற்காது, உள்ளதைச் சொல்ல வேண்டும்.

மாவு எடுக்கும் முறையை நம்மவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. விலை ஏன் அப்படி என்பது அப்போது புரியும். கிழங்கு முற்ற ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும். அறுவடை பெரும்பாலும் கையால் தோண்டித்தான். சரிவு நிலத்தில் இயந்திரம் ஏறாது. தோண்டியதைக் கழுவி, மேல் செதிலை நீக்கி, ராவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியிலும் சல்லடையிலும் திரும்பத் திரும்ப வடிகட்டித் தெளிய வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். மேல்நீரை இறுத்துவிட்டு மறுபடி சுத்தத் தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளிய வைக்க வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் மாவு நிறம் மங்கிவிடும். பிறகு நிழலில் காற்றாட உலர்த்தல். இத்தனையும் செய்து நூறு கிலோ கிழங்கில் கிடைப்பது பதினைந்து முதல் இருபது கிலோ மாவு. மரவள்ளியில் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும், தோண்டுவதும் எளிது.

வினை அங்கேதான் வந்தது. வெளிநாட்டு வாங்குவோருக்கு ஒழுங்கான வரத்தும் நிலையான விலையும் வேண்டும். ஓர் ஆண்டு சரக்கு இல்லை, மறு ஆண்டு விலை ஏற்றம் என்றால் அவர்கள் காத்திருப்பார்களா? மலிவான சோள மாவுக்கும் மரவள்ளி மாவுக்கும் மாறிக்கொண்டார்கள். ஒரு முறை தயாரிப்பு முறையை மாற்றிக்கொண்ட பிஸ்கட் கம்பெனி திரும்பி வருவதில்லை. இடையில் கணினித் தாளின் மேல் பூச்சுக்கு இந்த நுண்ணிய மாவு உகந்தது என்று ஒரு புதுக் கிராக்கி வந்து சிறிது காலம் தாங்கிப் பிடித்தது. தாளின் காலமும் கழிந்தது.

ஆரோரூட் இறங்கியபோது வாழை ஏறியது. 1950களிலிருந்து இங்கிலாந்துக்கு வாரம் தவறாமல் கப்பலில் பழம் போனது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருந்த சம்சாரிகூடத் தார் வெட்டிக் கொடுத்து வாரக் கடைசியில் காசு பார்த்தான்; பிள்ளையைப் படிக்க வைத்தான். காரணம், பழைய குடியேற்ற நாட்டுப் பழத்துக்கு இங்கிலாந்து தந்த சலுகை. மத்திய அமெரிக்கச் சமவெளியில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விளைவிக்கும் பெரிய கம்பெனிப் பழத்தோடு விலையில் போட்டி போட இவர்களால் முடியாது. அந்தச் சலுகை நியாயமில்லை என்று அமெரிக்காவும் லத்தீன் அமெரிக்க நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 1997இல் தீர்ப்பு சலுகைக்கு எதிராக வந்தது. 2009இல் உடன்பாடு ஏற்பட்டு வழக்கு ஓய்ந்தபோது, செயின்ட் வின்சென்ட்டின் வாழைத் தொழில் ஏறத்தாழ ஓய்ந்தே விட்டது. போதாக்குறைக்கு 2010இல் தாமஸ் புயல் மிச்சத் தோட்டங்களையும் சாய்த்தது.

இதைப் படிக்கும்போது நமக்குச் சிறுமலைப் பழம் நினைவுக்கு வருகிறது. முடிக்கொத்து நோய் வந்து மலைத்தோட்டங்கள் அழிந்த பிறகு, சிறுமலைப் பழம் என்ற பெயர் மட்டும் கடைகளில் தங்கிவிட்டது. எந்தச் சின்ன மஞ்சள் பழத்தையும் அந்தப் பெயரில் கூவி விற்றார்கள். அங்கே நோய் அழித்தது, இங்கே வழக்கு அழித்தது என்பதுதான் வேறுபாடு.

1979 அக்டோபர் 27ஆம் நாள் அந்த நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் பெரிய வெள்ளிக்கிழமை அன்று எரிமலை வெடித்திருந்தது. பிறக்கும்போதே அப்படி ஒரு சோதனை. அதற்கு முன் 1902 மே மாதத்தில் வெடித்தபோது சுமார் 1,600 பேர் மாண்டார்கள். ஆனால் 2021 ஏப்ரல் 9ஆம் நாள் மறுபடி பெரிதாக வெடித்தபோது வெடிப்பினால் நேரடியாக ஒரு உயிர்கூடப் போகவில்லை. மலையைக் கண்காணித்துக்கொண்டிருந்த விஞ்ஞானிகள் சொன்னதும், முதல் நாளே வடபகுதி மக்களை வெளியேறும்படி அரசு உத்தரவிட்டது. ஏறத்தாழ 20,000 பேர் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். உயிர் தப்பியது, பயிர் தப்பவில்லை. ஆரோரூட் விளையும் நிலங்கள் பெரும்பாலும் அந்த எரிமலை அடிவாரத்து வடபகுதியில்தான். சாம்பல் கனமாக மூடிவிட்டது. 2024 ஜூலை 1ஆம் நாள் பெரில் சூறாவளி தெற்கே யூனியன் தீவில் வீடுகளைப் பெரும்பாலும் கூரையில்லாமல் ஆக்கியது.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த நாடு தலை நிமிர்ந்தே நிற்கிறது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் ஐ.நா. பாதுகாப்புக் குழுவில் உறுப்பினராக இருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்த நாடுகளிலேயே மிகச் சிறியது அதுதான். 2001 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரதமராக இருந்த ரால்ப் கொன்சால்வ்ஸ், கூலிக்கு வந்த மதீராக்காரர்கள் வழி வந்தவர். அவர் 2019இல் டெல்லி வந்தார். 2022 மே மாதம் நம் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அங்கே போனார். இந்தியக் குடியரசுத் தலைவர் ஒருவர் அந்நாட்டுக்குப் போனது அதுவே முதல் முறை. நசித்துப்போன ஆரோரூட் தொழிலைப் புதுப்பிக்க இந்தியா–ஐ.நா. வளர்ச்சிக் கூட்டு நிதியிலிருந்து உதவி வழங்கப்பட்டது. நம் வரிப்பணத்தில் ஒரு துளி அந்தக் கிழங்குக் காட்டிலும் சேர்ந்திருக்கிறது என்பதில் நமக்கு மகிழ்ச்சியே.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அங்கே புழங்கும் பணம். கிழக்குக் கரிபியன் டாலர் என்ற ஒரே நாணயத்தை அந்த வட்டாரத்தின் எட்டுச் சிறு தீவு நாடுகளும் பகுதிகளும் சேர்ந்து வைத்திருக்கின்றன. 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற மதிப்பு மாறவேயில்லை. கோதுமை முதல் அரிசி வரை கப்பலில் வர வேண்டிய ஊரில் கடை வைத்திருப்பவனுக்கு இது பெரிய நிம்மதி. கரும்புக்கென்றே மனிதர்களைக் கடல் தாண்டிக் கொண்டுவந்த அந்தத் தீவு இன்று சர்க்கரையை வெளியிலிருந்து வாங்குகிறது என்பது காலத்தின் வேடிக்கை. இப்போது முக்கிய வருமானம் சுற்றுலாப் பயணிகள். முஸ்டீக் போன்ற சின்னத் தீவுகளில் உலகப் பணக்காரர்கள் பங்களா கட்டியிருக்கிறார்கள்.

நம் கடையில் இருக்கும் பாக்கெட்டுக்கு வருவோம். அது செயின்ட் வின்சென்ட் சரக்கு அல்ல. அது மட்டுமல்ல, பல பாக்கெட்டுகளில் இருப்பது ஆரோரூட்டே அல்ல. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோனதால் சேலத்தில் மரவள்ளி மாவுத் தொழில் முளைத்து, 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டு, நாட்டுக்கே மாவு கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. அது நம் பெருமை. மரவள்ளி மாவு நல்ல மாவு. உடம்புக்குக் கெடுதல் இல்லை. அதை ஆரோரூட் என்று பெயரிட்டு விற்பதுதான் குற்றம்.

உணவுத் தர விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. மரந்தா அருண்டினேசியா, அல்லது நம் நாட்டுக் காட்டுக் கூகையான கர்க்குமா அங்கஸ்டிபோலியா, இந்த இரண்டு செடிகளின் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த மாவுச்சத்து மட்டுமே ஆரோரூட். வேறு எதையும் அந்தப் பெயரில் விற்றால், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி தவறான பெயரிட்ட பொருள் என்ற வகையில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு. சரக்கு யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சில்லறைக் கடைக்காரர் தாமே பொறுப்பாளி ஆகிவிடுகிறார். பில் இல்லாமல் பாதி விலைக்கு வரும் மூட்டையில் இருக்கும் ஆபத்து இதுதான்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கையில் நசுக்கினால் கறகறவென்று சத்தம் வரும் என்பார்கள். சோள மாவிலும் வரும். அயோடின் சொட்டு விட்டால் நீலமாகும் என்பார்கள். எல்லா மாவுச்சத்தும் நீலமாகும். நுண்ணோக்கியில் மாவுத் துகளின் வடிவத்தைப் பார்த்தால்தான் எது எது என்று பிரிக்க முடியும். அது பரிசோதனைக்கூடத்தின் வேலை. நமக்கு இருப்பது விலையும் காகிதமும்தான். அசல் ஆரோரூட் மரவள்ளி மாவைப் போலப் பல மடங்கு விலை. மரவள்ளி விலைக்கு எவராவது ஆரோரூட் தருகிறேன் என்றால், அவர் தருவது மரவள்ளிதான்.

நமக்கு ஒரு முறை வெளியூரிலிருந்து இப்படி ஐந்து மூட்டை வந்தது. மூட்டை மேல் ஆரோரூட் என்று பெரிய எழுத்து. பில்லில் 'ஸ்டார்ச்' என்று மட்டும். எந்தக் கிழங்கு என்று எழுத்தில் கேட்டோம். பதில் வரவில்லை. லாரி வாடகை நம் தலையில் விழுந்தாலும் திருப்பி அனுப்பிவிட்டோம்.

நம் உறுப்பினர்கள் கொள்முதல் செய்யும்போது பில்லில் எந்தச் செடியின் மாவு என்று எழுதி வாங்குங்கள். பாக்கெட்டின் பின்புறம் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். முன்பக்கம் ஆரோரூட் என்றும் பின்பக்கம் பொடி எழுத்தில் மரவள்ளி மாவுச்சத்து என்றும் இருந்தால் அந்தச் சரக்கை எடுக்க வேண்டாம். கஞ்சிக்கும் கூழுக்கும் அசல்தான் வேண்டும் என்று கேட்பவருக்குக் கேரளத்துக் கூவைப் பொடியோ, மத்திய இந்தியக் காட்டுக் கூகை மாவோ சிறிது வைத்திருக்கலாம். சேலைக்குக் கஞ்சி போடவும் சூப்புக்கும் கேட்பவருக்கு மரவள்ளி மாவே போதும். அதை மரவள்ளி மாவு என்று சொல்லியே கொடுக்கலாம், நாம் கொடுத்து வருகிறோம், விற்பனை குறையவில்லை.